மூக்கை நம்பிப் பறந்தேன்

காலை ஏழு மணிக்குப் பரங்கிமலைப் பக்கத்து விமானத் திடலிலிருந்து கிளம்பினோம். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே பறந்தால் பெங்களூர் ஏறக்குறைய இருநூற்றிருபது மைல். ரயிலுக்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் போதும் என்றார்கள். விமானம், ஆம்பூரில் தோல் பதனிடும் எங்கள் ஷாப் முதலாளியின் சிநேகிதருடையது. ஆட்டுத்தோல் மாதிரிகளோடு முதலாளிதான் போவதாக இருந்தது. நாள் நெருங்க நெருங்க அவர் முகம் வெளுத்துவிட்டது. "வயித்துல ஒரே பேஜாரா இருக்குதுப்பா, நீ போய்ட்டு வா" என்று குமாஸ்தாவான என் தலையில் கட்டிவிட்டார்.

நான் ஆம்பூரை விட்டுக் கிளம்பும்போது என் மனைவி எஸ்தர் ஒரு சிவப்புத் துண்டைக் கையில் திணித்தாள்.

"நான் தோல் காயப்போடுற மைதானத்துல நிக்கறேன். மேல போறப்ப இத்த ஆட்டுங்க. அதப் பாத்தாதான் பச்சத் தண்ணி குடிப்பேன்."

ஜெபம், உபவாசம் என்று அவள் சொல்லிவிட்டால் பிறகு யாராலும் அசைக்க முடியாது.

விமானத்தில் இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. முன்னால் நான், பின்னால் பைலட் நாயுடு. பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய்.

"ஆம்பூர் வந்தா சொல்லுங்க சார், தாழ இறங்கி ஒரு வட்டம் போடறேன். உங்க ஊரு, உங்களுக்குத்தான் அடையாளம் தெரியும்" என்றார்.

எனக்கா தெரியாது! ரயிலில் எத்தனையோ தடவை தூங்கிக்கொண்டே வந்திருக்கிறேன். ஒரு நாளும் ஊரைத் தவறவிட்டதில்லை. தோல் ஊறும் தொட்டிகளின் வாடை மூக்கில் ஏறியதும் தானாக விழித்துச் செருப்பை மாட்டிக்கொள்வேன். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு வீடு வந்துவிட்டதென்று சந்தோஷமாக இருக்கும்.

எட்டு மணி சுமாருக்கு விரிஞ்சிபுரம் கோபுரம் கொழுக்கட்டை அளவில் தெரிந்தது. பக்கத்தில் பாலாறு, வெறும் மணல். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டேன். எதிர்க்காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு வாடைக்காகக் காத்திருந்தேன். பெட்ரோல் வாடைதான் வந்தது.

நெடுநேரம் கழித்து எட்டிப் பார்த்தால், கீழே தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து போகிறது.

"நாயுடுகாரு, இது இன்னா ஊரு?"

"ஜோலார்பேட்டை சார்."

"அப்போ ஆம்பூர்?"

"அது போய் கால் மணி நேரமாச்சே! நீங்க வாயே தொறக்கலியே?"

"வாடையே வரலீங்களே!"

குழாய் வழியாகச் சிரிப்புதான் வந்தது. எதிர்க்காற்று ஜாஸ்தி, திரும்பினால் பெட்ரோல் பத்தாது என்றும் சொல்லிவிட்டார். அவ்வளவு உயரத்தில் என் ஊருக்கு வாடையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பத்து மணிக்குப் பெங்களூர். அந்த ஊரின் அழகு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. தந்தி கொடுக்கலாமென்றால், தந்திக்காரன் தெருவில் நுழைந்தாலே எங்கள் பக்கம் ஒப்பாரி தொடங்கிவிடும். மாதிரிகளைத் தோல் வாங்கும் கடையில் ஒப்படைத்துவிட்டுக் கிடைத்த ரயிலில் ஏறினேன். பறந்து வந்ததில் பாதித் தூரம்தான்; அதற்கு ஐந்து மணி நேரம். அவள் பட்டினி கிடக்கும்போது எனக்கும் ஒரு வாய் இறங்கவில்லை.

வாணியம்பாடியிலும் தோல் ஷாப்புகள் உண்டு. ஆனாலும் அது வேறு, எங்கள் ஊர் வாடை வேறு. அது வந்ததும் கும்பிடத் தோன்றியது. எதிரே இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். நான் மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரம். எஸ்தர் மைதானத்திலேயே இருந்தாள். உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் மூடி வைத்த தண்ணீர்ச் செம்பு.

"ஏரோப்ளேன் போச்சு. துண்டு எங்க?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவளுக்கு நேரே நின்று துண்டை எடுத்து ஆட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். செம்பை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பிறகு கிட்டே வந்தவள், சட்டென்று பின்வாங்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யே, இன்னா நாத்தம் இது உங்க மேல!"

பெட்ரோல். எங்களைச் சுற்றிலும் அன்றைக்குத் தொட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன.