புதுமாப்பிள்ளைக்கு வைத்த தேடல் விளையாட்டு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். என் மகளின் மாப்பிள்ளையும் அப்படித்தான் சம்மாந்துறையிலிருந்து நிந்தவூருக்கு வந்தார். தொழுகை தவறாத பிள்ளை. ஆனால் மாதங்கள் போயும் விருந்தாளியாகவே இருந்தார். தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்பார். நாலு வாய்ச் சோற்றோடு கையைக் கழுவிவிட்டு, பின்னேரம் மோட்டார் சைக்கிளில் உம்மா வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டு வருவார்.

ஒருநாள் மகள் சொன்னாள்: “வாப்பா, இவருக்கு நம்மட வீடு பஸ் ஸ்டாண்ட் மாதிரித்தான். ஏறிப் போறதுக்குத்தான் வந்து நிக்கிறார்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அது எனக்குள் கிடந்து குத்தியது. குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிறவன்தான் வீட்டுக்காரன். இவரை எப்படிக் குசினிக்குள் அனுப்புவது?

கடற்கரைக்கு வந்த ஒரு கூட்டம் விடுகதை எழுதிய துண்டுக் காகிதங்களை ஒளித்து வைத்து, ஒன்று கிடைத்தால் அடுத்ததைத் தேடி ஓடி விளையாடியதை முன்பு பார்த்திருந்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் உறவுகள் வரும்போது அதையே வைப்போம் என்று முடிவெடுத்தேன். அன்று விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டுக் குந்தியிருந்து விடுகதை யோசித்தேன். நான் அதிகம் படித்தவன் அல்ல, ஆனாலும் நன்றாகத்தான் வந்தது. ஒரு துண்டைச் செருப்புத் தட்டிலும், ஒன்றைக் கோழிக் கூட்டிலும், ஒன்றை மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழேயும் வைத்தேன். பரிசு, உடுக்கப் புதுச் சாரமும் ஒரு அத்தர் போத்தலும். அதைக் குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தேன்.

பகல் சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் முற்றத்தில் கூட்டி முதல் விடுகதையை வாசித்தேன்: “உன்னைச் சுமந்து பள்ளிவாசல் வரைக்கும் வருவேன், உள்ளே வரமாட்டேன்.”

“செருப்பு” என்றார் மருமகன், மெதுவாக.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாரும் செருப்புத் தட்டைப் புரட்டினார்கள். துண்டு இல்லை. அடுத்த இடம் கோழிக்கூடு என்று நானே சொல்லிவிட்டேன். என் மனைவியின் தம்பி குனிந்து தலையை உள்ளே விட்டான்.

“மச்சான், இஞ்ச ஒரு முட்டதான் இரிக்கி. இதுதான் பரிசா?”

மோட்டார் சைக்கிளிலும் ஒன்றுமில்லை.

“துண்ட எழுதினீங்களா மச்சான், இல்லாட்டி கனவுல கண்டீங்களா?” என்றான்.

அப்போது மனைவி வாசலில் வந்து நின்றாள். “என்ன துண்டு?”

சொன்னேன். அவள் முகம் மாறியது.

“அது நீங்க வெச்சதா? காலையில செருப்புக்குள்ள ஒண்டு, கோழிக் கூட்டுக்குள்ள ஒண்டு. தலைப்புல பிஸ்மில்லாஹ், அல்லாஹ்ட பேரு. எந்தக் காபிர் வேலையெண்டு பக்கத்து வீட்டுப் புள்ளையளயெல்லாம் ஏசிட்டன்.”

கடைச் சாமான் எழுதினாலும் மேலே பிஸ்மில்லாஹ் எழுதித்தான் எனக்குப் பழக்கம். கை தன்பாட்டில் எழுதிவிட்டது. எங்கே வைக்கப் போகிறேன் என்று கை யோசிக்கவில்லை. அவளோ வீடு முழுக்கத் தேடி, இருந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி முத்தமிட்டு, கிழிந்த குர்ஆன் தாள்கள் இருக்கும் பையில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

“எடுத்துத் தாங்களன்” என்றேன்.

“அங்க போனது இனி விளையாட்டுக்கு இறங்காது.”

அஸ்தஃபிருல்லாஹ் என்று தலையைக் குனிந்தேன். அப்போதுதான் ஒரு சிரிப்புக் கேட்டது. மருமகன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

“மாமா, துண்டு வேணாம். எல்லா இடமும் நானே பாக்கிறன்” என்று சொல்லிவிட்டு நேரே குசினிக்குள் போனார்.

சட்டி மூடிகள் விழும் சத்தம் கேட்டது. மனைவியின் தம்பி பின்னால் ஓடி அரிசி வாளியை நகர்த்திப் பரிசை எடுத்துக்கொண்டான். மருமகன் அதைக் கவனிக்கவேயில்லை. மேல் தட்டில் மனைவி ஒளித்து வைத்திருந்த பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தைக் கண்டுபிடித்து, நின்றபடி கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மாமி, இத ஏன் நேத்து தரல்ல?”

“கேட்டீங்களா நீங்க?” என்றாள் மனைவி.

அன்று பின்னேரம் மோட்டார் சைக்கிள் அசையவில்லை. அது நிற்கிறதா என்று மகள் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், அல்ஹம்துலில்லாஹ். இப்போது ஒளித்து வைக்கிற வேலை மனைவிக்கு. வட்டிலப்பத்தை எங்கே வைத்தாலும் அவர் எடுத்துவிடுகிறார்.