எதிர்க்கட்சித் தலைவரின் முதல் கேள்வி

அடுத்த தேர்தலில் நிற்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஞாயிறுதோறும் இலங்கையின் தெரணியகலையில் நல்லாட்சி பற்றி வகுப்பு எடுக்கிறேன். இன்று பிரதேச சபைக் கூட்டம் போல ஓர் ஒத்திகை. சபைக்குத் தலைமை வகிக்கும் தவிசாளர் நான்.

ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் கோகிலா, தோட்டப் பாதையைத் திருத்தக் கோரிப் பிரேரணை கொண்டுவந்தாள். இதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள்.

“போன மாசம் எங்க அண்ணிக்கு வலி வந்திருச்சுங்க. த்ரீவீல்ல கொண்டு போனோம். பாதி வழியில குழியில மாட்டிக்கிச்சு. புள்ள அங்கயே பொறந்திருச்சுங்க.”

சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

ஒத்திகையில் எதிர்க்கட்சித் தலைவர், பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ரிஸ்வான். சபைப் பணத்தில் பஜார் வடிகானைத் திருத்தவே முதலிடம் என்று வாதாடத் தயாராகி வந்தவர். மெதுவாக எழுந்தார்.

“கௌரவ தவிசாளர் அவர்களே, புள்ளயும் தாயும் இப்ப சொகமா ஈக்கிறாங்களா?”

கோகிலா சிரித்துவிட்டாள். “நல்லா இருக்காங்க நானா. பாப்பாதான் யாரையும் தூங்க விடுறதில்ல.”

குழந்தையின் படத்தோடு அவளுடைய போன் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று எல்லா வரிசைக்கும் போய் வந்தது. நானும் பார்த்தேன். தலை நிறைய முடி.

பிறகு ரிஸ்வான் செலவைப் பற்றி விடாமல் கேட்டார். கோகிலா ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது.

உங்கள் ஊர்ச் சபையில் யாராவது முதலில் இப்படி நலம் விசாரித்ததுண்டா? இருந்தால் சொல்லுங்கள், பாடத்தில் சேர்த்துவிடுகிறேன்.