ஐந்து நிமிடப் பேச்சுக்காகத் தேடியது

பி.காம் இரண்டாம் ஆண்டில் எங்களுக்குப் பப்ளிக் ஸ்பீக்கிங் ஒரு பாடம். ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்து ஐந்து நிமிடம் பேச வேண்டும். படித்ததைச் சொன்னால் மட்டும் போதாது, அந்தத் துறையில் இருக்கும் ஒருவரை நேரில் பார்த்துப் பேட்டி எடுக்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். வகுப்பில் பாதிப் பேர் மெட்ரோவையும் ஏரிகளையும் எடுத்துக்கொண்டார்கள். நான் பக்கவாதம் என்று சொன்னேன். பெரிய காரணம் இல்லை. வீட்டிலேயே ஒரு நோயாளி இருந்ததால் வேலை சுலபம் என்று நினைத்தேன்.

அப்பா ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டாண்டிலேயே சரிந்து விழுந்தார். கால் ஓரளவு தேறியது. வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் "தத்தா, தத்தா" என்பார். ஆஸ்பத்திரியில் பேச்சைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமா வந்து பார்த்துவிட்டு, "மூள போயிடுச்சு, இனிமே கொழந்த மாதிரிதான்" என்றார். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஜீவனஹள்ளியில் எங்களுடையது ஒற்றை அறை வீடு, சமையலுக்கு ஒரு தடுப்பு. எல்லாப் பேச்சும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நடந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடுகளில் சமைத்துவிட்டு வரும் அம்மா ஒரு நாள் சித்தியிடம் போனில், "அன்னிக்கே போய்ச் சேந்திருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பேட்டிக்கு நான் தேடிப் போனது ஒரு நரம்பு டாக்டரை. அவருக்கு நேரமில்லை. மாடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் இருக்கிறார், அவரைப் பார் என்று நர்ஸ் அனுப்பினார். நான் போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்து முதல் கேள்வியைப் படித்தேன்.

"பேச்சு போச்சுன்னா புத்தி போச்சுன்னு அர்த்தம் இல்லம்மா," என்றார் அவர். "நெறைய பேருக்கு நாம சொல்றது புரியும். பதில் சொல்ற வார்த்ததான் வராது."

என்னால் அடுத்த கேள்விக்குப் போக முடியவில்லை. "எங்கப்பாவும் அப்படித்தான் மேடம்."

"எஷ்டு வர்ஷ ஆயித்து?" என்று கன்னடத்துக்குத் தாவினார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"மொதல் சில மாசத்துலயே வந்திருக்கணும். இப்பவும் கூட்டிட்டு வா. ஆனா ரொம்ப எதிர்பாக்காத." பிறகு, புரிகிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொன்னார். கையால் சைகை காட்டாமல், ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்விகளாகக் கேட்க வேண்டும். வேண்டுமென்றே சிலவற்றைத் தப்பாகவும் கேட்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்தேன். "அப்பா, உனக்கு ரெண்டு பொண்ணா?"

என்னை உற்றுப் பார்த்தார். தலையை ஆட்டி மறுத்து, இடது கையில் ஒரு விரலைக் காட்டினார்.

"நீ பஸ் ஓட்டிட்டு இருந்தியா?"

மறுத்தார். இடது கை ஆட்டோ ஹேண்டிலைப் பிடிப்பது போல மடங்கியது.

"இவ்ளோ நாளா நாங்க பேசுனதெல்லாம் புரிஞ்சுதாப்பா?"

தலையசைத்தார். நெடுநேரம் அசைத்துக்கொண்டே இருந்தார்.

தடுப்புக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா வெளியே வந்தாள். "அப்ப நான் சொன்னதெல்லாம்?" என்று என்னைத்தான் கேட்டாள். பிறகு அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தில் கை வைத்தாள். "அலுப்புல சொன்னதுங்க. மனசுல இருந்து வரல."

அப்பா காலை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வகுப்பில் பேசினேன். மூளையைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் சொன்னேன், வீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "வாய்ஸ் கிளியரா இருந்துச்சு," என்றார் மேடம். "கொஞ்சம் பர்சனலா ஏதாவது சேத்திருக்கலாம்." சரி மேடம் என்று போய் உட்கார்ந்தேன்.

அப்பாவைப் பயிற்சிக்குக் கூட்டிப் போனோம். சில மாதங்களில் "தண்ணி" வந்தது, "வா" வந்தது. என் பெயரில் முதல் எழுத்து வந்தது. அம்மாவின் பெயரைச் சொல்லவைக்கப் பயிற்சி மேடம் பல முறை முயன்றார். அப்பா வாயைத் திறக்கவே இல்லை. மழைக்காலத்தில் மறுபடியும் வந்த பக்கவாதத்தில் இறந்துபோனார்.

காரியம் முடிந்த பிறகு அம்மா கேட்டாள். "அவருக்கு என் பேரு வரலியா, இல்ல சொல்லலியா?"

"வரலம்மா," என்றேன்.

எனக்கும் தெரியாது.