ஊசி குத்திய வியாழக்கிழமை

எம்.எஸ்சி. முதலாண்டு முடிந்த கோடை விடுமுறையில் அடையாறில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு இரண்டு மாதப் பயிற்சி கிடைத்தது. என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலிருந்தபடியே கணினியில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் நிஜமான ஆய்வகம், வெள்ளைக் கோட்டு. சாந்தோமில் எங்கள் தெரு முழுக்க அம்மா இதைச் சொல்லி முடித்திருந்தாள்.

ஆய்வகத்தின் பொறுப்பாளரை எல்லாரும் மேடம் என்போம். முதல் நாளே அவர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். பயிற்சி மாணவர்கள் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடக் கூடாது. பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது, அப்படியே வெள்ளை டப்பாவில் போட்டுவிட வேண்டும். நான் இரண்டையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். நான்காவது வாரம், ஒரு வியாழக்கிழமை, ஒரே நிமிடத்தில் இரண்டையும் மீறினேன்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருவர். முப்பதை நெருங்கிய வயது. அண்ணா என்று கூப்பிடுவேன். அன்று மருத்துவமனையிலிருந்து ஒரே சமயத்தில் நிறைய ரத்தக் குழாய்கள் வந்துவிட்டன. மேடம் ஊரில் இல்லை. மதியத்துக்குள் எல்லாவற்றிலும் வெள்ளணுக்களைப் பிரித்தாக வேண்டும்.

"நீ ஒரு நாலு ட்யூப் பாத்துக்கிறியாமா? பாத்துப் பாத்துதான் உனக்குப் பழகியிருக்குமே" என்றார்.

மறுக்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது.

மூன்றாவது குழாயில் ரத்தத்தை உறிஞ்சி முடித்தேன். கை தன் பாட்டுக்கு மூடியை எடுத்து ஊசியின்மேல் வைத்தது. மூடி நழுவியது. இடது ஆள்காட்டி விரலில் எறும்பு கடித்ததுபோல ஒரு சுருக். கையுறைக்குள் சிவப்பாக ஒரு புள்ளி எழுந்து பரவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

குழாயின் மேல் ஓர் எண் மட்டும்தான் இருந்தது. யாருடைய ரத்தம், அவருக்கு என்ன நோய், எதுவும் எனக்குத் தெரியாது.

அண்ணா என்னைத் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துப்போனார். நான் விரலைப் பிதுக்கிப் பிதுக்கிக் கழுவினேன். அப்படிப் பிதுக்கக் கூடாது என்பதுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் ஆகாதுமா. சின்னக் குத்துதான். மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாத. உன்னைத் தொட விட்டேன்னு தெரிஞ்சா என் வேலையை மொத்தமா நிறுத்திடுவாங்க."

சரி என்று தலையாட்டினேன். அவருக்காக மட்டும் இல்லை. என் பயிற்சியும் போய்விடும், கல்லூரிக்குக் கடிதம் வரும் என்ற பயமும் இருந்தது.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அம்மா பட்டினப்பாக்கத்திலிருந்து சங்கரா மீன் வாங்கி வைத்திருந்தாள். "வந்து கழுவிக் கொடுடி" என்றாள். விரலில் வெட்டு என்றேன். "காட்டு" என்று கையைப் பிடித்தாள். தீப்பட்டதுபோலக் கையைப் பிடுங்கிக்கொண்டேன். என் ரத்தம் அவள்மேல் படக் கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மீனைத் தானே கழுவப் போனாள்.

அறைக்குள் போய்க் கைபேசியில் தேடினேன். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க மாத்திரை உண்டு, மூன்று நாளுக்குள் தொடங்கிவிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று இருந்தது. அதன்பின் கடிகாரத்தைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஏழரை மணி நேரம் போய்விட்டது. எட்டு மணி நேரம் போய்விட்டது. பேசாமல் இருப்பது ஒவ்வொரு மணியாக என்னைத் தின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேடம் வந்ததும் அவர் அறைக் கதவைத் தட்டினேன். வாசலில் நின்றபடியே, "மேடம், நேத்து ப்ளட் சாம்பிள் ஊசி கையில குத்திடுச்சு" என்றேன். வேறு வாக்கியம் வரவில்லை.

அவர் திட்டவில்லை. "எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டார். பதினொன்றரை என்றேன். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ராயப்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்கு அவரே காரை ஓட்டினார்.

அந்த ரத்தம் யாருடையது என்று கேட்கலாம் என நம்பியிருந்தேன். முடியாது என்று அங்கே தெரிந்தது. யாரென்று திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடிதான் அந்த எண்களையே போட்டிருந்தார்கள். அப்படியானால் ஆபத்து இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். என் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். ஆறு வாரத்தில் ஒரு சோதனை, மூன்று மாதத்தில் இன்னொன்று.

மாத்திரை தந்த ஆலோசகர் ஒரு வயதான பெண்மணி; என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, இப்டி பயந்துக்கினு கீற? கரெக்டா வந்துட்ட இல்ல. ஒரு வேளகூட உடாத, அவ்ளோதான்."

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. ஐந்தாவது நாள் காலை வாந்தி எடுத்துவிட்டுக் குளியலறையிலிருந்து வெளியே வந்தேன். பள்ளிகள் திறந்துவிட்டிருந்தன; ஆசிரியையான அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய சேலையோடு எதிரே நின்றாள்.

"நாலு நாளா பாக்கறேன். யாருடி அவன்?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்படி எவனும் இல்லை என்றதும் அம்மா முகத்தில் ஒரு நொடி நிம்மதி வந்தது. அடுத்த நொடி எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்டாள். "சேசுவே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்று பள்ளிக்கு விடுப்பு சொன்னாள். அதற்குப்பின் மாத்திரை வேளைக்கு என்னைவிட அவள்தான் காவல்.

ஆய்வகத்தில் விசாரணை நடந்தது. நடந்ததை எழுதித் தரும்படி எங்கள் இருவரிடமும் கேட்டார்கள். 'நான் சொல்லாமலே அவளாக எடுத்துச் செய்தாள்' என்று அண்ணா எழுதிவிடுவார் என நான் உறுதியாக நம்பினேன். அவருக்கு ஐந்து வருட உழைப்பு, எனக்கு வெறும் ஒரு மாதம். மேடம் என்னைக் கூப்பிட்டு அவர் எழுதியதைக் காட்டினார். ஒரே பக்கம். 'நான்தான் செய்யச் சொன்னேன். வெளியே சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான்.' கையெழுத்து கோணலாக இருந்தது.

அவருடைய ரத்த வேலையை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். என் பயிற்சியை நிறுத்தவில்லை. மிச்ச நாட்களை எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்தே கழித்தோம். நான் கணினியில் எண்களைப் பதிந்தேன். அவர் என்னோடு பேசவில்லை. நானும் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ஆறாவது வாரச் சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். துண்டு, சீப்பு, டம்ளர் எல்லாவற்றையும் தனியே வைத்தேன். அப்படியெல்லாம் பரவாது என்று பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவள்தான் நான். அம்மா வேண்டுமென்றே என் டம்ளரில் காப்பி குடிப்பாள்.

கடைசிச் சோதனையின் முடிவு வாங்க அவளும் வந்தாள். அதே ஆலோசகர் தாளைப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா, நெகட்டிவ்" என்றார். அம்மா, "இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தார். அம்மா தாளை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே மரத்தடியில் நின்று அண்ணாவுக்கு ஒரு வரி அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"நிஜமாவாமா?"

"நிஜமா அண்ணா."

மூச்சு மட்டும் கேட்டது. நானும் போனை வைக்கவில்லை. பக்கத்தில் அம்மா ஆட்டோவை நிறுத்தி, சாந்தோமுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.