'ம்' என்று சொல்லும் வேலை

வாசிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றுதான் என் வீட்டில் நம்பினார்கள். திருவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பேருந்தில் சென்று, பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவது என் பணி. அம்மா அதைப் பக்கத்து வீட்டில் இப்படிச் சொல்வாள்: "செல்விக்கு என்ன, காத்தாடிக்குக் கீழ உக்காந்து இங்கிலீஷ் வாசிச்சிட்டு வாரா. கல்யாணம் ஆனா அதையும் விட்டுருவா."

கல்யாணம் ஆகவில்லை. அம்மா காலமான பிறகும் அதே பேருந்தில்தான் போய்வந்தேன்.

ஏற்றுமதிப் பிரிவில் நானும், என் வயதையொத்த ஸ்டெல்லாவும் மட்டுமே. எந்தக் கடிதத்தையும் கண்ணால் மட்டும் பார்த்து அனுப்பமாட்டோம். ஒருத்தி உரக்க வாசிப்பாள். எதிரே இருப்பவள் தாளைப் பாராமல் கேட்பாள். வாக்கியம் சரியென்றால் 'ம்'. பிழையென்றால் மௌனம். வாசித்தவள் அங்கே நின்று, பிழையைத் தானே தேட வேண்டும்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குப் பிழைகள் பெரும்பாலும் வாடிக்கையான இடங்களில்தான் வரும். 'டிஸ்கஸ்' என்றதும் கூடவே ஓர் 'அபௌட்' ஒட்டிக்கொள்ளும். 'ஒன் ஆஃப் அவர்' என்று தொடங்கி, 'கஸ்டமர்' என்று ஒருமையில் முடிப்போம். நீண்ட வாக்கியத்தில் எழுவாயை மறந்து, அருகிலுள்ள சொல்லுக்கு ஏற்ப வினையைப் போடுவோம். கண் இவற்றைத் தாண்டிப் போய்விடும், காதில் இடறும்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி ஒப்பிச்சிக்கிட்டே இருக்கீகளே, கடுதாசி இன்னைக்குப் போகுமா?" என்று முதலாளி எட்டிப் பார்ப்பார்.

"போகும் சார். வாங்குறவிய திருப்பி வெளக்கம் கேக்காத மாதிரி போகும்" என்பாள் ஸ்டெல்லா.

அவள் கணவர் அயல்நாட்டு மருத்துவமனையில் செவிலியர். அவள் அங்கே வேலை பெற்றுச் சேர, ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. பேச்சில் தேறினாள். எழுத்தில் இரண்டு முறை தவறினாள். இன்னும் ஒரு முறைதான் எழுதுவேன், பிறகு விட்டுவிடுவேன் என்றாள்.

மதிய இடைவேளையில் ஒரு மாதிரிக் கட்டுரை எழுதி வாசிக்கச் சொன்னேன். அப்போதுதான் கவனித்தேன்: ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிழைகளைக் கண்டுபிடித்தது அவளேதான். ஆனால் எந்த வாக்கியத்தில் என்று என் மௌனம் காட்டிக்கொடுத்த பிறகு. தேர்வு அறையில் உரக்க வாசிக்க முடியாது. எதிரே ஆளும் இருக்காது.

மறுநாளிலிருந்து, சரியான வாக்கியத்துக்கும் நான் 'ம்' சொல்லவில்லை.

"ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? சரியா, தப்பா?"

"நீயே சொல்லு."

"நான் போகக்கூடாதுன்னு நெனைக்கியோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"போகணும்னுதான்டி வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

அவள் மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கச் சொன்னேன். கட்டுரையின் ஓட்டம் அறுந்தால் பிழை தனியாகத் தெரியும். எழுவாயின் கீழ் பென்சிலால் ஒரு கோடு, அதன் வினையின் கீழ் இன்னொன்று. உதடுகள் மட்டும் அசையும்; குரல் வராது. பல வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள், ஒரு பக்கம் முழுவதையும் முகத்தை நிமிர்த்தாமல் திருத்தி முடித்தாள். அன்று மாலை பேருந்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் போய்விடுவாள் என்று.

மூன்றாம் முறை தேறினாள். கணவரிடம் போய்ச் சேர்ந்தாள்.

இந்தப் பணிக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சமே. பிழையைச் சுட்டிக்காட்டப் பழகுங்கள். ஒருவருக்கு நம் உதவி இனித் தேவையில்லை என்ற நிலை வந்தால் ஒதுங்கிக்கொள்ளவும் பழகுங்கள். எனக்கு இரண்டாவதுதான் கடினமாக இருந்தது.

கணினியே பிழைக்குக் கோடு போட்டுக் காட்டுகிறது என்பதால், அவள் இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. கடிதங்களை இப்போதும் உரக்க வாசித்துத்தான் அனுப்புகிறேன். பிரிவில் நான் மட்டும் இருக்கிறேன்.