திரையில் அறுந்த சிக்குக்கோலம்

ஜெனரேட்டர் டீசல் நாற்றமும் கற்பூரமும் கலந்து மூக்கில் ஏறிய அந்த ஆடி வெள்ளி... நினைத்தால் இப்போதும் கோபம்தான் முதலில் வருகிறது.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு நான் குனியவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். வில்லியனூர் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் வாசலில், ஆடி வெள்ளிதோறும் சிக்குக்கோலம் போடுவதாக எனக்கு வேண்டுதல். அதை விட முடியுமா?

மாவுக்குப் பதில் திரையிலாவது போடலாம் என்று, படுத்தபடியே யூடியூப் பார்த்து கோடிங் கற்றுக்கொண்டேன். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை, புள்ளி பிசகவில்லை. படம் வரைய யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த புரோகிராம் தொகுப்பு, டிராயிங் லைப்ரரி என்பார்கள், அதை வைத்துக் கோலத்தை, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற ஒரே கோடாக எழுதினேன். நடுவில் அறுந்தால் அது சிக்குக்கோலமே இல்லை... அம்மனிடம் செல்லாது.

போனில் அழகாகத்தான் இருந்தது. கோயிலில் வாடகைக்கு எடுத்த எல்இடி திரையில் போட்டால், வளைவெல்லாம் படிக்கட்டு. வளைவும் வளைவும் சேரும் இடத்திலெல்லாம் மயிரிழை இடைவெளி.

"இன்னாடி இது, எலி கடிச்சா மாதிரி கீது?" என்றாள் பக்கத்து வீட்டு கோமதி அக்கா.

திரையைப் பார்த்துக்கொண்டது என் கொழுந்தன் முரளி. சேதராப்பட்டு கம்பெனியில் வேலை.

"இரு அண்ணி, ப்ளர் போட்டு வுடறேன். தெரியாது."

போட்டான். கோலம் பனிமூட்டத்துக்குள் போனது. இடைவெளி மட்டும் போகவில்லை.

"கோலத்தையே எடுத்துடுப்பா."

"யாரு அண்ணி இவ்ளோ உத்துப் பாக்கப் போறா?"

"யாருக்குப் போட்டனோ, அவ பாப்பா."

எடுத்துவிட்டான். அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் ஓடியது. அதன் எழுத்து மட்டும் வழவழவென்று இருந்தது...

லைப்ரரிக்காரர்களுக்குப் படத்தோடு எழுதினேன். நான் கொடுத்தது ஒரே கோடு, நீங்கள்தான் துண்டு துண்டாக வெட்டி வரைகிறீர்கள். கோட்டோரம் திரையின் பொடிச் சதுரங்களில் பாதி நிறம் பூசினால் படிக்கட்டும் மறையும் என்று, தெரிந்த இங்கிலீஷில். குறை ஒன்றும் இல்லை, உங்கள் திரையைச் சோதியுங்கள் என்று பதில் வந்தது. அந்த ஆடி முழுக்க என் கோலம் இல்லாமலே அம்மன் வீதிக்கு வந்தாள்.

போன வாரம் அதே லைப்ரரிக்கு அப்டேட். கோடுகளின் தரம் கூடியிருக்கிறது, இணைப்புகளில் இனி இடைவெளி வராது என்று பெருமையாக ஒரு வரி.

இல்லாத குறையை எப்படிச் சரி செய்தார்கள்?

பழைய கோலத்தையே ஓட்டினேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஈர வாசலில் மாவு இழுத்த மாதிரி கோடு வழுக்கிக்கொண்டு போய், தொடங்கிய புள்ளியில் சேர்ந்தது. கும்பிட்டேன்... அடுத்த நிமிஷமே, குறை ஒன்றும் இல்லை என்ற அவர்களின் பழைய பதிலைத் திறந்து படித்தேன்.

முரளி எட்டிப் பார்த்தான். "இப்ப சூப்பரா கீது அண்ணி. இந்த ஆடிக்குத் திரையில போட்டுடலாம்."

"போடலாம். அன்னிக்கு நான் எடுக்கச் சொல்லி, நீ நகைக்கடை போட்டியே... அதுவும் இதே கோலந்தாண்டா."