நிலையில் அடித்த ஆணி

என் மகளுக்குப் போலீஸ் வேலை வேண்டும். ஓட்டத்தில் பையன்களுக்கு முன்னால் வருவாள். குறை உயரம் மட்டும்தான். அம்மாவும் மகளும் பக்கத்தில் நின்றால் இரண்டு தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும். இரண்டும் குட்டை.

பன்னிரண்டாவது படிக்கும்போது டேப் கொண்டுவந்தாள். போலீசில் சேரக் கேட்கிற உயரத்தை வாசல் நிலையில் அளந்து, அங்கே ஓர் ஆணி அடிக்கச் சொன்னாள். அடித்தேன். அவள் தலைக்கும் ஆணிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தது. மறுநாளிலிருந்து காலையில் கிணற்றடிப் புளியமரத்தில் தொங்க ஆரம்பித்தாள். ஆடு ஓட்டிப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

“இப்பிடித் தொங்கனா கைதான் நீளும்” என்பாள் என் மனைவி.

“நீளட்டும். திருடனப் புடிக்க ஆவும்.”

மனைவியின் அண்ணன் தன் மகனுக்குப் பெண் கேட்டிருந்தார். பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். “ஆணி வரைக்கும் வளந்தா போலீசு. இல்லன்னா எங்கண்ணன் வூடு” என்று மனைவி சொல்லிவிட்டாள். மகள் சரி என்றாள்.

அமாவாசைதோறும் நிலைக்கு மஞ்சள் பூசி முடித்ததும், மனைவியே மகளை நிற்கவைத்துப் பார்ப்பாள். ஆணி அப்படியே இருந்தது. மகளும் அப்படியே இருந்தாள்.

“அடுத்த அமாவாசைக்குப் பாரு” என்று சொல்லிவிட்டு மகள் பள்ளிக்கூடம் போவாள்.

மாசியில் வீட்டுக்கு டைல்ஸ் போட்டோம். பழைய தரைமேல் மண் கொட்டி, கலவை போட்டு, அதன்மேல் கல் ஒட்டினார்கள். தரை இரண்டு விரல் ஏறிவிட்டது. நிலை இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த அமாவாசையில் மகள் தலையில் ஆணி இடித்தது.

மனைவி கையில் இருந்த மஞ்சளை மகள் கன்னத்தில் தடவினாள். “ஏங்க, இவ வளந்துட்டா!” அப்போதே அண்ணனுக்குப் போன் போட்டாள். “மனசுல வெச்சிக்காதண்ணா. அவ போலீசுக்குப் போறா.” அண்ணன் நிறையப் பேசினார். அவள் மாற்றிச் சொல்லவில்லை.

நான் தரையைப் பார்த்தேன். மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போனேன். மோட்டார் ரூம் சுவரில் புதிதாக ஒரு கரிக்கோடு. பக்கத்தில் மகள், கையில் டேப்.

“இங்க தரை ஏறாது” என்றாள்.

“எவ்ளோ கொறையுது?”

“அதே ரெண்டு வெரலு.”

“அப்பறம்?”

“இன்னும் நாள் இருக்குதுப்பா. வந்துடுவேன்.”

“வரலன்னா?”

“ஆம்புலன்ஸ் ஓட்டக் கத்துக்கறேன். ஸ்டியரிங் புடிக்கக் கைதான் வேணும். அதான் நீண்டுட்டு இருக்குதே.”

மரத்துப் பக்கம் போனவள் திரும்பினாள். “அம்மாவ மட்டும் அந்த ஆணிக்கடியில நிக்க வுட்டுடாத.”

மோட்டாரைப் போட்டேன். அவள் கிளையைப் பிடித்துத் தொங்கினாள்.

அன்றிலிருந்து என் துண்டை அந்த ஆணியில்தான் மாட்டுகிறேன்.